ரேஸ் காருக்கு அடியில்

அந்த அக்காவிடம் எதைக் கொடுத்தாலும் முதலில் தூக்கி அடியைப் பார்ப்பாங்க. சொம்பு கொடுத்தால் சொம்பின் அடி. முறம் கொடுத்தால் அதைத் திருப்பிப் பின்பக்கம். பிறந்த குழந்தையைக் காட்டினால் மற்றவங்க எல்லாரும் மூக்கையும் முழியையும் பார்த்து யார் ஜாடை என்று பேசிக்கொண்டிருப்பாங்க. இவங்க துணியை விலக்கி உள்ளங்காலைப் பார்த்துவிட்டு, "நல்லா நடப்பான்" என்று சொல்லி எழுந்து போயிடுவாங்க.

ராயபுரத்தில் நான் வாக்கப்பட்டு வந்த வீடு ஒரு நீளமான காம்பவுண்டில் இருந்தது. ஒரே வாசல், ஒரே குழாய், ஏழெட்டுக் குடித்தனம். பின்னால் சுவர் இடிந்த இடத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் அக்கா வீட்டுக்காரருடைய மோட்டார் பட்டறை. கொட்டகைக்கு அந்தப் பக்கம் ரயில் தண்டவாளம், அதற்கும் அப்பால் ஹார்பர் சுவர். வெள்ளைக்காரன் போய் ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். என் வீட்டுக்காரருக்கு ஹார்பரில் வேலை. பகலில் ஒரு வாரம், ராத்திரியில் ஒரு வாரம் என்று மாறி மாறிப் போவார். நான் பொன்னேரிப் பக்கத்துப் பெண். அஞ்சாவது வரைக்கும் படித்தேன். யாராவது என் பேரைக் கேட்டால்கூடத் தலையைக் குனிந்துகொண்டு, பக்கத்தில் நிற்கிறவங்க சொல்லிவிடமாட்டாங்களா என்று பார்ப்பேன். இப்போது இந்த வயதில் இதை எழுதும்போதும் யாரோ எட்டிப் பார்க்கிற மாதிரித்தான் இருக்கிறது.

அக்காவின் பேரை நான் எழுதப்போவதில்லை. அவங்க வீட்டுக்காரர் 'மே' என்று கூப்பிடுவார். நான் அக்கா என்பேன். காம்பவுண்டில் மற்றவங்க வேறு ஏதேதோ சொல்லுவாங்க.

நான் வந்த புதுசில் ஒரு நாள் குழாயடியில் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற அக்கா திரும்பி என் காலைப் பார்த்தாங்க.

"இன்னா, குதிகாலை ஊனாம நிக்கிறே?"

"ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுமில்லன்னா ஊனு, பாப்போம்."

ஊன முடியவில்லை. அங்கேயே குழாய் மேடையில் உட்கார்ந்து, என் காலை இழுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டு, மீனைத் திருப்புகிற மாதிரித் திருப்பினாங்க. குதிகாலில் கண்ணாடிச் சில் ஏறிச் சீழ் வைத்திருந்தது. ஏறி நாளாகிவிட்டது. மாமியாரிடம் சொல்லப் பயம், வீட்டுக்காரரிடம் சொல்லக் கூச்சம். அக்கா தன் ரவிக்கையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, சில்லை நெம்பி எடுத்து வீசிவிட்டு, குழாய்த் தண்ணீரில் என் காலைக் கழுவினாங்க. வலியைவிட, என் கால் பெரியவங்க மடியில் இருக்கிறதே என்றுதான் எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"மூஞ்சைப் பாத்தா ஒண்ணியும் தெரியாது கண்ணு. எல்லாம் சிரிச்சினுதான் கீதுங்க," என்றாங்க.

அவங்களுடைய இந்தப் பழக்கத்தால் வந்த சண்டைகளும் உண்டு. காம்பவுண்டுக்குப் பால் ஊற்ற ஒருவர் வருவார். நல்ல மனுஷர், எல்லாருக்கும் கடனுக்கு ஊற்றுவார், குழந்தைகளுக்குக் கொஞ்சம் கொசுறு ஊற்றுவார். ஒரு நாள் அக்கா அவர் கையிலிருந்த பால் படியை வாங்கிக் கவிழ்த்தாங்க. அடித்தகடு உள்ளே நன்றாகக் குழிந்திருந்தது. படியில் பால் நிறைந்த மாதிரி இருக்கும், ஆனால் அளவு குறையும். அக்கா சத்தம் போடவில்லை. குழியை விரலால் தட்டிக் காட்டி, "இது இன்னா நைனா, தொப்புளா?" என்றாங்க. அவர் மறுநாளிலிருந்து வரவில்லை. பெண்களெல்லாம் அக்காமேல்தான் கோபப்பட்டாங்க. புதுசாக வந்த பால்காரர் கடன் கொடுக்கமாட்டார், கொசுறும் ஊற்றமாட்டார்.

"ஒனக்கு எதுக்கு இந்த வேலை? குனிஞ்சி குனிஞ்சிப் பாத்துனு," என்று என் மாமியார் கேட்டாங்க.

"கண்ணு அங்கதான் போவுது பெரிம்மா. நான் இன்னா பண்ணட்டும்?"

அதே மாமியார் வீட்டில் இல்லாத நேரம் ஒரு நாள், வாங்கிப்போன சின்ன இரும்பு உரலைத் திருப்பிக் கொடுக்க அக்கா வந்தாங்க. நான் அடுப்படியில் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தேன். அவங்க சோற்றுப் பானையைச் சாய்த்து அடியைப் பார்த்தாங்க. கரண்டியால் சுரண்டிச் சுரண்டி வழித்திருந்தது.

"மாமியா துன்னுட்டு காலடிப்பேட்டைக்குப் பூட்டாங்க. புருஷன் துன்னுட்டு வேலைக்குப் பூட்டான். நீ?"

நான் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் மத்தியானங்களில் ஒரு கிண்ணம் வரும். சங்கரா மீன் குழம்பு, இல்லையென்றால் நெத்திலி வறுத்தது. கிண்ணத்துமேல் ஒரு தட்டைக் கவிழ்த்து, "ஒரலுக்கு வாடகை" என்று சொல்லிக் கொடுப்பாங்க. யாரும் எதுவும் கேட்க முடியாது.

இப்போது அண்ணனைச் சொல்ல வேண்டும். அக்கா வீட்டுக்காரரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார். நல்ல உயரம், நல்ல அகலம், அதற்குமேல் ஒரு தொப்பை. அவருடைய அப்பா காசிமேட்டில் படகுகளுக்கு இடுக்கு அடைக்கிற வேலை செய்தவர். குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி, பலகைக்கும் பலகைக்கும் நடுவே பூசித் தண்ணீர் புகாமல் செய்கிற வேலை. இவரும் சின்ன வயதில் அதைத்தான் செய்தாராம். சண்டைக் காலத்தில் மிலிட்டரி லாரிகள் பழுது பார்க்கிற இடத்துக்குக் கூலியாகப் போய் மோட்டார் வேலையைப் பிடித்துக்கொண்டார். லாரி என்றால் அடியில் யானைகூடப் படுக்கலாம். கார் வந்தால்தான் அவருக்குக் கஷ்டம். தலை போகும், தொப்பை போகாது.

வேறு பட்டறைகளில் தரையில் பள்ளம் வெட்டி, அதில் இறங்கி நின்றுகொண்டு வேலை செய்வாங்களாம். எங்கள் பக்கம் இடுப்பளவு தோண்டினால் தண்ணீர் ஊறிவிடும். அண்ணனும் தோண்டிப் பார்த்தார். கொஞ்ச நாளில் அதில் தவளை நீந்தியது. மூடிவிட்டார். அப்புறம் பழைய கட்டுமரக் கட்டைகளை வாங்கிப் போட்டு, அதன்மேல் காரை ஏற்றி நிறுத்தி வைத்தார். அப்படியும் தொப்பை போகவில்லை. அதனால் அடியில் போகிற வேலையெல்லாம் அக்காவுக்கு வந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேலே அண்ணனுடைய பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மல்லாந்து உள்ளே நகர்ந்து போவாங்க. வெளியே பாதம் மட்டும் தெரியும்.

"குடும்பப் பொம்பளை காருக்கு அடியில படுத்துனு கெடக்கிறாளே," என்று என் மாமியார் ஒரு நாள் குழாயடியில் எல்லார் காதிலும் விழச் சொன்னாங்க.

அக்கா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "நான் காருக்கு அடியில கீறேன் பெரிம்மா. ஒங்க மருமவ ஒங்க காலுக்கு அடியில கீறா. யார்து கஷ்டம்னு அவளையே கேளுங்க," என்றாங்க.

எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. நான் குடம் நிரம்பாமலே தூக்கிக்கொண்டு ஓடிவிட்டேன்.

அந்த ரேஸ் கார் வந்தது ஒரு வெயில் காலத்தில். சிவப்பு. இரண்டே இரண்டு பேர் உட்காரலாம், மேலே கூரை கிடையாது. தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு, பல்லி மாதிரி இருந்தது. நுங்கம்பாக்கத்துப் பணக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருவர், சீமையிலிருந்து கப்பலில் வரவழைத்தாராம். சோழவரத்தில் சண்டைக் காலத்து விமானத் தரை இருக்கிறதே, அங்கே கார் ரேஸ் விடுவாங்க. அதில் ஓட்டப் போய், கியர் பெட்டியிலிருந்து ஆயில் ஒழுகி, அது சூடான புகைக்குழாய்மேல் விழுந்து, வண்டி முழுக்கப் புகையாகிப் பாதியிலேயே நிறுத்திவிட்டாராம். அண்ணன் அவரைச் சின்ன முதலாளி என்பார். சிரித்த முகம். காம்பவுண்டுக்குள் வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிற்பார்.

அண்ணன் பெட்டியின் மேல்மூடியைக் கழற்றி, கிழிந்துபோயிருந்த காகிதப் பேக்கிங்கை எடுத்துவிட்டுப் புதுசு வெட்டிப் போட்டார். அப்புறமும் ஒழுகியது. பெட்டியின் பின்பக்கம் இரும்புத் தண்டு வெளியே வருகிற இடத்தில் ஒரு தோல் வளையம் உண்டு. அதையும் மாற்றினார். அப்புறமும் ஒழுகியது.

அதில் ஒரு விசித்திரம். ஓடாமல் நின்றால் ஒழுகாது. அக்கா வண்டிக்கு அடியில் வெள்ளைத் துணி விரித்து வைப்பாங்க. காலையில் பார்த்தால் துணி சுத்தமாக இருக்கும். தண்டையார்ப்பேட்டை வரைக்கும் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினால், மஞ்சளாக, தேன் மாதிரி, முட்டை அழுகின நாற்றத்தோடு சொட்டும். அக்கா துணியை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பாங்க. கறை எந்த இடத்தில் தடிப்பு, எந்த இடத்தில் தெறிப்பு என்று விரலை வைத்துப் பார்ப்பாங்க. அந்த நாட்களில் பேச்சு குறைந்துபோனது. மீன்காரியிடம்கூட வாயாடவில்லை.

காரணம் எல்லாருக்கும் தெரியும். கொட்டகை இருந்த இடத்தைக் காலி பண்ணச் சொல்லி ஆள் வந்துபோயிருந்தார். அங்கே கோடவுன் கட்டப்போவதாகப் பேச்சு. பட்டறை போய்விட்டால் அண்ணன் மறுபடியும் படகுக்குக் குங்கிலியம் பூசத்தான் போக வேண்டும். காட்டுப்பள்ளியில் அக்காவின் அம்மா வீட்டில் போய் இருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் சின்ன முதலாளி சொன்னார், கொட்டகை வாசலில் நின்று, நான் கேட்கும்படியே:

"மேஸ்திரி, மாசக் கடைசியில நான் கல்கத்தா போறேன். அப்பா வியாபாரத்தை இனிமே நான்தான் பார்க்கணும். காரும் வருது. அங்கேயும் ரேஸ் உண்டு. இந்த ஒழுகல் மட்டும் நின்னுடுச்சின்னா, நீங்க ரெண்டு பேரும் என்கூடவே வந்துடுங்க. வீடு இருக்கு, நல்ல ஷெட் இருக்கு."

"நிக்கலன்னா?" என்று அக்கா கேட்டாங்க.

அவர் சங்கடப்பட்டுச் சிரித்தார். "நிக்கலன்னா ஞாயித்துக்கிழமை வேற இடத்துல விட்டுப் பார்க்கறேம்மா. அப்புறம் அவங்களைத்தானே கூட்டிட்டுப் போகணும்."

அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. கல்கத்தா என்றால் எனக்கு ஒன்றும் தெரியாது. ரயிலில் இரண்டு நாள் என்று மட்டும் என் வீட்டுக்காரர் சொன்னார். இந்தக் காம்பவுண்டில் என் முகத்தைப் பார்க்காமலே என்னைத் தெரிந்துகொண்டவங்க ஒருத்தங்கதான். அந்த ஆயில் இன்னும் ஒரு வாரம் ஒழுகினால் அவங்க காட்டுப்பள்ளியோடு நின்றுவிடுவாங்க. ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை மீன் கூடையோடு ராயபுரம் வருவாங்க. நான் பார்த்துக்கொள்ளலாம். நினைப்பு அந்தப் பக்கம் போவதும், நானே அதை இழுத்துப் பிடிப்பதுமாக விடிந்துவிட்டது.

மறுநாள் அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்று, "கண்ணு, மூஞ்சிக்கிப் போடுற பவுடர் ஒங்கிட்ட கீதா?" என்று கேட்டாங்க.

இருந்தது. கல்யாணத்துக்கு என் சித்தி வாங்கிக் கொடுத்த டப்பா. செலவாகிவிடுமே என்று மோந்து பார்ப்பதோடு வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். அக்கா கியர் பெட்டியை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துடைத்து, காய்ந்ததும் என் பவுடரை அதன்மேல் முழுக்கத் தூவினாங்க. அப்படித் தூவி ஓட்டினால் ஆயில் எந்த இடத்தில் முதலில் ஈரமாக்குகிறதோ அது தெரிந்துவிடுமாம்.

"காருக்கே பவுடர் போட்டாச்சு. இனிமே பொட்டு வெச்சி சோழவரம் அனுப்ப வேண்டியதுதான்," என்றார் அண்ணன்.

"நீ போய் ஓட்டினு வாய்யா."

அவர் ஓட்டிவிட்டு வந்து கட்டைமேல் ஏற்றி நிறுத்தினார். அக்கா உடனே உள்ளே போனாங்க. என் வேலை வெளிச்சம் காட்டுவது. கொட்டகை வாசலில் மத்தியான வெயில் விழும். நான் குந்தி உட்கார்ந்து, ஒரு பித்தளைத் தாம்பாளத்தை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்து, வெளிச்சத்தைக் காருக்கு அடியில் அனுப்புவேன். கையை இம்மி அசைத்தால் உள்ளே வெளிச்சம் ஒரு முழம் நகர்ந்துவிடும். அண்ணன் வியர்த்துப்போய் டீ குடிக்கத் தெருமுனைக்குப் போயிருந்தார்.

"பின்னாடிதான் வருது," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "தண்டு வர்ற எடத்துல. பவுடர் அங்க மட்டும் களியாயிடுச்சி. ஆனா தோலு புச்சா கீதே. இன்னாத்துக்கு வருது?"

ஆயில் குறைந்திருக்கிறதா என்று பார்க்கப் பெட்டியின் பக்கவாட்டுத் திருகை லேசாகக் கழற்றினாங்க. 'உஸ்' என்று ஒரு சத்தம். நல்ல சத்தம். கோலி சோடா உடைத்த மாதிரி. அதோடு சூடாக ஆயில் பீய்ச்சி அவங்க கன்னத்தில் அடித்தது. நான் பயந்து தாம்பாளத்தைப் போட்டுவிட்டேன்.

"அக்கா?"

"ஒண்ணுமில்ல. வெளிச்சம் காட்டு."

காட்டினேன். அவங்க முகத்தில் மஞ்சள் ஆயில் வழிந்து காதுக்குப் போய்க்கொண்டிருந்தது. துடைக்கவில்லை. அப்படியே மேலே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாங்க. அப்புறம் குரலைத் தாழ்த்திப் பேசினாங்க.

"இதுக்கு மூச்சு முட்டுது கண்ணு. சோத்துப் பானைய இறுக்கி மூடிட்டா பொங்கி வழியுது இல்ல, அந்த மாரி. ஓடி ஓடி உள்ள சூடாவுது. காத்து போக வழியில்ல. அது ஆயிலைப் புடிச்சித் தள்ளுது."

எனக்குப் பாதிதான் புரிந்தது. தலையை ஆட்டினேன்.

"மேல ஒரு சின்ன மூக்கு இருந்திச்சி. மூடியைக் கழட்டி மாட்டறப்போ நான் பாத்தேன். அதுல ஓட்டை கீதுன்னு அந்த மனுஷன் குங்கிலியம் காய்ச்சிப் பூசிட்டான். மழை பேஞ்சா தண்ணி பூந்துடும்னு. நானும் நல்லதுதான்னேன். ஓட்டைன்னா அடைக்கணும், நம்ம ஜனத்துக்கு அதான தெரியும்."

அப்புறம் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாங்க. வெளிச்சத்தில் கண் கூசியிருக்கும், இருந்தாலும் பார்த்தாங்க.

"இது அவனுக்கு இன்னும் தெரியாது. ஞாயித்துக்கெழம வரிக்கும் தோலு மாத்தினே கெடப்பான். சொல்லட்டா? வாணாவா?"

ராத்திரி முழுக்க நான் நினைத்ததை எப்படியோ பார்த்துவிட்டாங்க என்று நினைத்தேன். இன்றைக்கு நினைத்தால் வேறு மாதிரித் தோன்றுகிறது. அவங்களும் ராத்திரி தூங்கியிருக்கமாட்டாங்க. தெரியாத ஊர், தெரியாத பாஷை. இந்தப் பக்கம் கடல், அம்மா, எல்லாம். யாராவது ஒரு வார்த்தை சொன்னால் தேவலை என்று இருந்திருக்கும். சொல்வதற்கு அங்கே நான்தான் இருந்தேன்.

வெளிச்சம் அவங்க முகத்திலிருந்து கழுத்துக்கும், கழுத்திலிருந்து சக்கரத்துக்கும் ஓடியது.

"வெளிச்சத்த ஒரு எடத்துல வையி," என்றாங்க.

வைத்தேன். "சொல்லுங்கக்கா," என்றேன்.

"இன்னா?"

"அண்ணன்கிட்ட சொல்லுங்க. ஒழுகறது நிக்கணும்க்கா."

என் குரல் எனக்கே புதுசாகக் கேட்டது. அக்கா கையை வெளியே நீட்டி, என் கணுக்காலை ஒரு தரம் பிடித்துவிட்டு, நகர்ந்து வெளியே வந்தாங்க.

அண்ணன் டீ குடித்துவிட்டு வந்ததும், "யோவ், இதுக்கு மூக்கு எங்கய்யா?" என்று கேட்டாங்க.

"எதுக்கு?"

"பொட்டிக்கு. நீ அடைச்சியே, அது."

அவர் கொஞ்ச நேரம் காரையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயம் மெதுவாக இறங்கியது. தலையில் கை வைத்துக்கொண்டு கட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். தொப்பை குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"படகுக்கு மூக்கு இருந்தா மூழ்கிப்பூடும்மே. எங்க நைனா அடிச்சி அடிச்சி சொல்லிக் குடுத்தாரு."

"இது படகு இல்லய்யா."

"இப்ப தெரியுது."

அந்த மூக்கு பெட்டியின் மேல்பக்கம் இருந்தது. காருக்குள்ளே இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கிற தகரத்தைக் கழற்றினால்தான் எட்டும். அக்கா சீட்டில் ஏறி உட்கார்ந்து, என் தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை வாங்கி, கெட்டிப்பட்டுப்போன குங்கிலியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குத்தி எடுத்தாங்க. ஒரு மூக்குத்தித் துளை அளவுதான் அந்த ஓட்டை.

அடைத்ததை எடுத்தாச்சு. நின்றதா இல்லையா என்பது தூரம் ஓடிப் பெட்டி நன்றாகச் சூடானால்தான் தெரியும். மறுநாள் எண்ணூர் வரைக்கும் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவானது. அன்றைக்கு என் மாமியார் காலடிப்பேட்டையில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாங்க. என் வீட்டுக்காரர் பகல் ஷிப்டு. அக்கா வந்து, "கெளம்பு," என்றாங்க.

"எங்கக்கா?"

"வண்டி ஓடறப்போ அந்தத் தகரத்து மேல கை வெச்சி சூடு பாக்கணும். எனக்கு ஒரு கை பத்தாது."

அது பொய் என்று எனக்குத் தெரியும். ஒரே சீட்டில் இரண்டு பேரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். நான் முந்தானையால் தலையை முழுக்க மூடிக்கொண்டேன். காம்பவுண்டே வாசலில் நின்று பார்த்தது. அண்ணன் அழுத்தினார் பாருங்கள், என் வயிறு ராயபுரத்திலேயே நின்றுவிட்டது. தண்டையார்ப்பேட்டை கண் முழித்துப் பார்ப்பதற்குள் பின்னால் போனது. காலடிப்பேட்டை வந்தபோது நான் சீட்டுக்குக் கீழே குனிந்துவிட்டேன்.

"இன்னாமே, தங்கச்சி எங்க காணோம்?" என்று அண்ணன் கத்தினார்.

"மாமியா ஊரு தாண்டட்டும்யா, அப்பறம் மொளைப்பா."

திருவொற்றியூர் தாண்டி வலது பக்கம் கடல் திறந்தது. காற்று முந்தானையைப் பிடுங்கியது. பிடித்துப் பார்த்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். தலைமுடி அவிழ்ந்து அக்கா முகத்தில் அடித்தது. அவங்க ஒதுக்கவில்லை. நான் சத்தமாகச் சிரித்தேனாம். எனக்கு நினைவில்லை. அண்ணன்தான் அப்புறம் சொன்னார், "ஒனக்குச் சிரிப்பு வருமான்னே தெரியாது தங்கச்சி," என்று.

எண்ணூர் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், சவுக்கு மரங்களுக்குக் கீழே நிறுத்தினார். தண்ணீருக்கு அந்தப் பக்கம் கோடு மாதிரிக் கரை தெரிந்தது. "தோ, அதுக்கும் அந்தாண்ட கீது காட்டுப்பள்ளி," என்று அக்கா கையைக் காட்டினாங்க. ஒரு நிமிஷம் அங்கேயே பார்த்தாங்க. அப்புறம் மணலில் வெள்ளைத் துணியை விரித்து, சக்கரத்துக்குப் பக்கத்தில் கையால் மணலைத் தோண்டி வழி பண்ணிக்கொண்டு உள்ளே நகர்ந்து போனாங்க.

அண்ணனும் நானும் நின்றோம். அவர் பீடியைப் பற்றவைக்காமல் வாயில் வைத்திருந்தார். நேரம் போனது. பாதம் இரண்டும் அசையவில்லை.

"இன்னாமே, உள்ளயே குடித்தனம் பண்றியா?" என்றார்.

காரை ஒரு தட்டுத் தட்டினார்.

"மே."

"இருய்யா. பாக்கறேன்."

பார்ப்பதற்கு அவ்வளவு நேரம் ஆகாது. எனக்கே தெரியும். வெளியே வந்தபோது முதுகெல்லாம் மணல். கண்ணிலும் மணல் விழுந்துவிட்டது என்று முந்தானையால் துடைத்துக்கொண்டாங்க. துணியை எடுத்து விரித்துக் காட்டினாங்க. வெள்ளையாகவே இருந்தது.

"காஞ்சி கீது," என்றாங்க. "ஒரு சொட்டு இல்ல."

அண்ணன் பீடியை எடுத்துவிட்டுக் கையெடுத்துக் கடலைக் கும்பிட்டார். அப்புறம் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பீடியைப் பற்றவைத்துக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் நடந்துபோய்விட்டார்.

அந்த மாசக் கடைசியில் அவங்க ரயில் ஏறினாங்க. கார் கூட்ஸ் வண்டியில் போனது. அந்தக் கல்கத்தா ரயில் எண்ணூர் வழியாகத்தான் போகும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அதற்கப்புறம் நான் அவங்களைப் பார்க்கவில்லை. ஒரு தரம் யாரோ மூலமாக, நன்றாக இருப்பதாகச் செய்தி வந்தது. எனக்குப் பிள்ளைகள் பிறந்தபோது, அதுங்க உள்ளங்காலைப் பார்க்க ஆள் இல்லையே என்று இருந்தது. காம்பவுண்டில் நல்லவங்க நிறையப் பேர் வந்தாங்க, போனாங்க. எல்லாரும் என் முகத்தைப் பார்த்துத்தான் பேசினாங்க. நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அன்றைக்கு எண்ணூரிலிருந்து திரும்பினதைச் சொல்லிவிடுகிறேன். வெயில் தணிந்திருந்தது. அண்ணன் வந்த வேகத்திலேயே கிளம்பினார்.

"மெதுவா போய்யா," என்றாங்க அக்கா.

"ஏம்மே? சொட்டுதா?"

"சொட்டல. மெதுவா போ."

"இது ரேஸ் காரு. மெதுவா போனா கோச்சிக்கும்."

"கோச்சிக்கட்டும்."

அவர் வேகத்தைக் குறைத்தார். கார் உறுமிக்கொண்டே ஊர்ந்தது. ஓரமாய் நடந்துபோன உப்பளத்துப் பெண்கள் எங்களோடு சரிக்குச் சரி வந்து, காரை எட்டிப் பார்த்துப் பேசிக்கொண்டே போனாங்க. பின்னாலிருந்து ஒரு சைக்கிள்காரர் மீன் கூடையோடு மணி அடித்துக்கொண்டு வந்தார். எங்களைத் தாண்டினார். தாண்டிப்போய், இப்படிப்பட்ட வண்டிக்கு என்ன வந்தது என்கிற மாதிரித் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே மிதித்தார். அக்கா என் கையைத் தன் மடியில் வைத்துப் பிடித்திருந்தாங்க.

"இன்னும் கொஞ்சம் மெதுவா," என்றாங்க.